நிலாவரை முதல் கீரிமலை வரை

குழந்தையை உடன்கொண்டு ஊர் பார்க்கப் புறப்படுவோர் முதலில் அறிந்திருக்க வேண்டுவது ஒன்றுண்டு. பெரியோர் தனியே செல்லுமிடத்து ஒரு பகலில் பத்து இடங்களைக் கண்டு திரும்பலாம். ஐந்து வயதுப் பிள்ளையோடு சென்றாலோ இரண்டு மூன்று இடங்களைக் காண்பதே பெரிது. ஆயினும் அவ்விரண்டு மூன்றையும் நன்றாகக் கண்டுவிடுகின்றோம். நாம் கடந்து செல்ல எண்ணும் இடத்தில் பிள்ளை நின்றுவிடுகின்றது. நாம் தெரிந்ததென விட்டுவிட்ட பொருளைச் சுட்டி, "இது ஏன்?" என்று கேட்கின்றது. அக்கேள்விக்கு மறுமொழி தேடும்போதுதான், பிறந்த ஊரையே நாம் முழுவதும் அறிந்திலோம் என்பது புலனாகின்றது.

தைப்பொங்கல் கழிந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை எமது குடும்பம் மேற்கொண்ட சிறு பயணமும் அத்தகைய ஒரு கேள்வியினால் விளைந்ததே. முன்பள்ளியிற் பயிலும் எமது மகள் ஒரு வீட்டையும் அதன் அருகே ஓடும் ஆற்றையும் படமாக வரைந்துகொண்டு வந்து, "எங்கட ஊர் ஆறு எங்கை இருக்கு, அப்பா?" என்று கேட்டாள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் மாத்திரம் ஓடி, அராலிப் பக்கத்திலே கடல்நீரேரியோடு கலக்கும் வழுக்கையாறு ஒன்றுண்டு. இதனைக் கூறியதும் அடுத்த கேள்வி பிறந்தது.

"அப்ப எங்களுக்குத் தண்ணி எங்கையிருந்து வருது?"

"கிணத்திலிருந்து."

"கிணத்துக்கு எங்கையிருந்து வருது?"

இதற்கு மறுமொழி சொல்ல முற்பட்டவர் எமது தாயார். "நிலாவரைக் கிணத்தில ஒரு தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில வந்து மிதக்கும் எண்டு எங்கட அப்பு சொல்லுவார், மோனை. எல்லாம் நிலத்துக்குக் கீழால ஒரே தண்ணிதான்" என்றார். வலிகாமத்திலே பிறந்தவர்களில் இக்கதையைக் கேளாதார் யார்? எமது மகளோ கேட்டதோடு அமையவில்லை. மறுநாட் காலையிலேயே சமையலறைக் கூடையிலிருந்து ஒரு தேசிக்காயைத் தெரிந்தெடுத்து, அது தன்னுடையதென்று அறியும்பொருட்டு மைக்கோலினால் ஒரு பொட்டும் இட்டுத் தன் பையினுள் வைத்துக்கொண்டாள். இனிப் போகாதிருக்க முடியுமா?

பயணத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. மாவிட்டபுரத்துக்கு அண்மையில் எமது தாயாரின் சீதனக் காணி ஒன்று உளது. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்திலே வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது, அவரும் பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொண்டு அவ்வீட்டை விட்டு வெளியேறினார். நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கியிருந்த அந்த நிலம் விடுவிக்கப்பட்டபோது வீடு இல்லை. அத்திவாரமும், இரண்டு பனைகளும், ஒரு கிணறுமே எஞ்சியிருந்தன. அக்கிணற்றின் கட்டு முற்றாக இடிந்து போயிருந்தது. அயலவரின் ஆட்டுக்குட்டி ஒன்று அதனுள் வீழ்ந்தது முதல், கிணற்றை மண்ணிட்டு மூடிவிடுவதா, வைத்திருப்பதா என்னும் வழக்கு எமது வீட்டில் எழுந்து, மாதக்கணக்காகத் தீராதிருந்தது. பிள்ளை ஓடித் திரியும் வளவிலே கட்டில்லாத கிணறு யமன் என்றனர் உறவினர். மூடிவிட்டுக் குழாய்க்கிணறு ஒன்றைத் துளைப்பதே நன்றென்றார் மேசன். தாயாரைக் கேட்டால், "உங்கட விருப்பம்" என்பதற்குமேல் ஒரு சொல்லும் பெறமுடியவில்லை. மேசனுக்கு மறுமொழி சொல்லவேண்டிய நாள் அணுகிக்கொண்டிருந்தது.

காலை ஏழு மணிக்கு முச்சக்கரவண்டி ஒன்றிற் புறப்பட்டோம். வாழையிலையிற் பொதிந்த இடியப்பமும் சம்பலும், ஒரு சரை சீனியும், மாற்றுடைகளும் ஒரு பெட்டியில் இருந்தன. தேசிக்காய் பிள்ளையின் மடியில் இருந்தது. இருபாலை, கோப்பாய் கடந்து நீர்வேலியை அடைந்ததும் இருமருங்கும் வாழைத்தோட்டங்கள் தொடங்கின. மாரி மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தமையால் செம்மண் நிறம் மாறாமல் ஈரத்தோடு கிடந்தது. நீர்வேலியில் ஒரு சீப்புக் கதலிப்பழம் வாங்கிக்கொண்டோம். ஆறில்லாத நாட்டில் இத்தனை பச்சை எங்ஙனம் வந்தது என்று புதிதாக வருவோர் வியப்பர். ஒவ்வொரு தோட்டத்தின் மூலையிலும் உள்ள கிணறே அதற்கு விடை.

இந்நாட்டுக்கு ஓர் ஆற்றை உண்டாக்க எண்ணியவர்களும் இருந்தனர். 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம், வன்னியிலிருந்து வந்து வீணே கடலிற் சேரும் வெள்ளத்தை ஆனையிறவுக் கடல்நீரேரியிலே தடுத்து, நன்னீராக்கி, கால்வாய் வழியே வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவரும் திட்டமொன்றை வகுத்தார். யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்றே அதனை அழைத்தனர். அது அக்காலத்தில் நிறைவுறாது நின்றுவிட்டது. "அந்த மாமா ஆறு செய்ய ஏலுமோ?" என்று பிள்ளை கேட்டாள். அணை கட்டியும் வாய்க்கால் வெட்டியும் செய்யலாம் என்றோம். அவள் நெடுநேரம் அதனைச் சிந்தித்துக்கொண்டிருந்தாள்.

யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறத்தாழப் பத்து மைல் தொலைவில், புத்தூருக்கு அணித்தே நவக்கிரியில் உள்ளது நிலாவரைக் கிணறு. கிணறு என்பதைவிடப் பாறை பிளந்து தோன்றிய மடு என்பதே பொருந்தும். இலங்கைக்குப் படையெடுத்து வந்த இராமபிரான் வானரங்களின் தாகம் தீர்க்க அம்பெய்து உண்டாக்கியது என்பது ஊரார் கூறும் கதை. அதற்கு அடியில்லை என்பது மற்றொரு கதை. அடி உண்டு, ஆயினும் நூற்றைம்பது அடிக்கு மேற்பட்ட ஆழம். 1859 இல் இலங்கையைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட எமர்சன் தெனன்ற் இப்புத்தூர்க் கிணற்றைத் தமது நூலிற் குறிப்பிட்டிருக்கின்றார். மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதே இதன் புதுமை. இதன் நீரை இயந்திரத்தால் இறைத்து அயலிலுள்ள தோட்டங்களுக்குப் பாய்ச்சியும் வந்திருக்கின்றனர்.

நீர் அசைவின்றிக் கரும்பச்சையாய்க் கிடந்தது. பிள்ளை எமது கையை இறுகப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பின்பு தேசிக்காயை வெளியே எடுத்தாள். வண்டியோட்டி வந்த தம்பி சிரித்துக்கொண்டு, "எறியுங்கோ பிள்ளை. கீரிமலைக்கு வந்து சேரப்பண்ணுறது என்ரை பொறுப்பு" என்று கூறி எம்மைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். போகும் வழியிற் சுன்னாகம் சந்தை உண்டு; அங்கே தேசிக்காய்க்குப் பஞ்சமில்லை. மைக்கோலும் பெட்டியிலே இருந்தது. அவர் எண்ணியது எமக்கு விளங்கிற்று. ஒரு பிள்ளையை ஒரு நாளைக்கு மகிழ்விப்பது எத்துணை எளிது! ஆனால் அவள் வளர்ந்தபின் இந்நாளை நினைக்குந்தோறும், தன்னைச் சூழ நின்ற பெரியோர் அனைவரும் சேர்ந்து தன்னை ஏய்த்தனர் என்றல்லவோ நினைப்பாள்? வேண்டாம் என்று நாம் தலையசைத்தோம்.

அவ்வேளையில் அயற்றோட்டத்திலிருந்து மண்வெட்டியுடன் வந்த முதியவர் ஒருவர் பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டு நின்றார். "தண்ணிக்குள்ள ஒண்டும் போடாதையுங்கோ, பிள்ளை. இஞ்சை போடுறதெல்லாம் எங்கட கிணத்துக்குத்தான் வரும்" என்றார். அவர் கடிந்துரைக்கவில்லை. வாழைக்கு எரு இடுவது பற்றிப் பேசுவதுபோல அமைதியாகவே சொன்னார். பிள்ளை தேசிக்காயையும் நீரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்கட வீட்டுக் கிணத்துக்கோ?" என்று அவரைக் கேட்டாள். "ஓம். அங்காலை தெரியுது, அதுதான்." தேசிக்காய் மீண்டும் பையினுள் போயிற்று.

வண்டியில் ஏறியபின் எமது மனைவி அவளுக்கு விளங்கும் வகையில் விடயத்தைக் கூறத் தொடங்கினார். கோயிலிலே தொங்கும் கண்ணாடி விளக்கை அவள் கண்டிருக்கின்றாள். அதன் அடியில் நீரும் மேலே எண்ணெயும் இருக்கும். எண்ணெய் இலேசானது, ஆதலால் மிதக்கின்றது. எமது நிலத்தின் கீழே சுண்ணக்கல் இருக்கின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மழை அக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கித் தங்குகின்றது. நாற்புறமும் கடல் சூழ்ந்தமையால் ஆழத்தில் உவர்நீர் நிற்கின்றது. மழைநீர் அதனிலும் இலேசானது. எனவே உவர்நீரின்மேல் எண்ணெய் போல மிதந்துகொண்டிருக்கின்றது. நாம் கிணற்றில் அள்ளுவது அந்த மிதக்கும் மழையைத்தான்.

மாணவர்களாகிய வாசகர்களுக்கு ஒரு கணக்கையும் இங்கு கூறலாம். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்தின் கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளரின் பொது விதி. இது மகிழ்ச்சி தருவது போலத் தோன்றும். இதனையே திருப்பிப் பார்த்தால், மேலே ஓரடி நீரை அளவு கடந்து இறைத்துக் குறைத்தோமாயின், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் நாற்பதடி மேலெழும். எமது முன்னோர் துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே நீருக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை.

சுன்னாகத்தைக் கடக்கும்போது தாயார், "இஞ்சத்தைக் கிணறுகளுக்குத்தானே எண்ணெய் வந்தது?" என்று கேட்டார். ஆம். 2014 ஆம் ஆண்டளவில் இப்பகுதிக் கிணறுகளிலே கழிவெண்ணெய் கலந்துள்ளதென்ற முறைப்பாடு பெரிதாக எழுந்தது. கிணற்றடியிற் பிறந்து வளர்ந்தவர்கள் குடத்தோடு வீதியில் நின்று, தண்ணீர் கொண்டுவரும் வண்டியை எதிர்பார்த்திருந்தனர். தோட்டக்கார முதியவரின் சொல் அப்போது எமக்கு மீண்டும் நினைவில் எழுந்தது. மேலே வேலியிட்டு, எல்லைக்கல் நாட்டி, ஒரு முழ நிலத்துக்கு நீதிமன்றம் வரை செல்லும் நாம், கீழே ஒரே பாத்திரத்திலிருந்து அள்ளிக் குடிக்கின்றோம். தேசிக்காய்க் கதையை உண்டாக்கியவர் எவராயினும், அவர் இதனை நன்கு அறிந்திருந்தார்.

மல்லாகம், தெல்லிப்பழை கடந்து மாவிட்டபுரத்தை அணுகினோம். கந்தசுவாமி கோயிற் கோபுரம் தெரிந்ததும் தாயார் கைகூப்பினார். குதிரைமுகம் கொண்டிருந்த மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ அரசகுமாரி கீரிமலையில் நீராடி அம்முகம் நீங்கப்பெற்றாள் என்பதும், மா விட்ட புரம் என இவ்வூர் பெயர் பெற்றது அதனால் என்பதும் பலரும் அறிந்த கதை. பிள்ளைக்கு அரசகுமாரியைப் பற்றிக் கேட்க ஆசைதான். ஆனால் அப்பாச்சி பேசுவதை நிறுத்திவிட்டார். வண்டி எமது காணி இருந்த ஒழுங்கையினுள் திரும்பியிருந்தது.

அயலில் இரண்டொரு புது வீடுகள் எழுந்திருந்தன. ஏனைய வளவுகள் பற்றையாகவே கிடந்தன. தாயார் அத்திவாரத்தின்மேல் நடந்து, "இது விறாந்தை. இது சாமியறை. இது உங்கட அப்பா பிறந்த அறை" என்று பேத்திக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார். சுவரில்லாத வீட்டினுள் பிள்ளை அறை அறையாகச் சென்று வந்தாள். வாயில் இருந்த இடத்தால் மாத்திரமே நுழைந்தாள். அப்பாச்சி அவ்வாறு நடந்ததைக் கண்டு தானும் அவ்வாறே நடந்தாள் போலும்.

பிள்ளையின் கையை எமது மனைவி பிடித்துக்கொள்ள, நாம் கிணற்றடிக்குச் சென்றோம். சில மாதங்களுக்கு முன் உள்ளே கிடந்த கற்களை அகற்றி, இறைத்துத் துப்புரவாக்கியிருந்தோம். மாரியில் நீர் நன்றாக ஊறித் தெளிந்திருந்தது. வாளியைக் கயிற்றிற் கட்டி இறக்கி, ஒரு வாளி நீர் அள்ளினோம். தாயார் ஒரு கை அள்ளிக் குடித்தார். சற்று நேரம் ஒன்றும் கூறவில்லை.

"அதே தண்ணிதான்" என்றார் பின்பு. "முப்பது வருசத்துக்கு மேலை யார் யாரோ குடிச்சிருப்பினம். மாறேல்லை."

வெயில் ஏறியிருந்தது. பிள்ளைக்கு விடாய். அவள் தன் பையைத் திறந்து மைப்பொட்டிட்ட தேசிக்காயை எடுத்து அப்பாச்சியின் கையிற் கொடுத்தாள். "இதைப் பிழிஞ்சு தாங்கோ" என்றாள். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பனை நிழலில் அமர்ந்து, அக்கிணற்று நீரில் சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் இட்டுக் கரைத்து அனைவரும் குடித்தோம். வண்டியோட்டித் தம்பியும் இரண்டு குவளை குடித்தார். இடியப்பப் பொதியும் அங்கேயே அவிழ்ந்தது. எமது தாயார் 1990 இன் பின் தமது வளவில் உண்ட முதல் உணவு அதுவாகும்.

கீரிமலையை அடையும்போது நண்பகல் அணுகிவிட்டது. கீரிமுகம் கொண்டிருந்த நகுலமுனிவர் இத்தீர்த்தத்தில் மூழ்கி மனித முகம் பெற்றதாகப் புராணம் கூறும். நகுலம் என்றாலும் கீரி என்றாலும் ஒன்றே. நகுலேசுவரம் என்னும் பழைய சிவாலயத்தின் பெயரும் அதனின்று வந்தது. ஆடி அமாவாசையிலே தந்தையை இழந்தோர் திரளாக வந்து பிதிர்க்கடன் கழிக்கும் இடமும் இதுவே. கடலலை வந்து மோதும் மதிலுக்கு இப்பால் கேணி உள்ளது. மதிலுக்கு அப்பால் உள்ள நீரை நாவில் வைக்க முடியாது. சில அடி இப்பால் ஊறும் நீரோ கரிப்பதில்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே மழைநீர் நிலத்தடியில் நடந்து, கடலோடு கலப்பதற்குச் சற்று முன் இங்கே மேலெழுகின்றது. நெடுந்தூரம் நடந்த ஒருவர் ஊர் எல்லையிலே ஒருமுறை நின்று திரும்பிப் பார்ப்பதை ஒக்கும் அது.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் கேணிகள் வேறு வேறாதலால், பிள்ளை தாயுடனும் அப்பாச்சியுடனும் சென்றாள். நாமும் வண்டியோட்டித் தம்பியும் கடலோரக் கேணியில் நீராடினோம். தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது பிள்ளை எமக்கு முன்னரே ஈரத்தலையோடு நின்றாள்.

"தேசிக்காய் வந்திட்டுது, அப்பா!"

வண்டியோட்டித் தம்பி திடுக்கிட்டு எம்மைப் பார்த்தார். "நான் ஒண்டும் செய்யேல்லை, அண்ணை" என்றார். பிள்ளை தன் வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "இதுக்குள்ள இருந்து வந்தது. நான் தண்ணிக்குள்ள மிதந்தனான்தானே!" தாயார் வாய்விட்டுச் சிரித்தார். அண்மைக் காலத்தில் அவர் அவ்வாறு சிரித்ததை நாம் கண்டதில்லை.

பின்னேரம் திரும்பும் வழியிலே காங்கேசன்துறைப் பக்கம் சென்று, பாழாய் நின்ற சீமெந்துத் தொழிற்சாலையைத் தூரத்தே பிள்ளைக்குக் காட்டினோம். 1950 இல் உற்பத்தி தொடங்கி 1990 இல் நின்றுபோன அத்தொழிற்சாலை, இவ்வட்டாரத்துச் சுண்ணக்கல்லை அகழ்ந்தே சீமெந்து செய்தது. குடாநாட்டின் எத்தனையோ வீடுகளின் சுவரில் அந்தக் கல் இருக்கின்றது. மழையைத் தாங்கி வைப்பதும் அதே கல்தான். பிள்ளை அதற்குள் மடியில் உறங்கிவிட்டாள். எமது தாயார் மெல்லிய குரலில், தம் நினைவில் இருந்ததை அன்று முதன்முறையாகச் சொன்னார். "அந்தக் கிணத்தை உங்கட அப்பாவும் என்ரை அப்புவும் சேர்ந்து வெட்டினவை. இருபத்திரண்டு நாள் கல் உடைச்சவை. ஊத்துக் கண்ட அண்டைக்குப் பொங்கினனாங்கள்." மாதக்கணக்கில் நாம் கேட்டும் வாராத மறுமொழி அது.

கிணற்றை மூடுவதில்லை என்று வீடு சேருமுன் முடிவு செய்தாயிற்று. மறுகிழமை மேசன் வந்து மூன்றரை அடி உயரத்துக்குக் கட்டு எழுப்பினார். அதன்மேல் பூட்டும் வசதியுடன் இரும்பு வலை மூடி ஒன்றும் இடப்பட்டது. மலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து இயன்ற அளவு தள்ளி வெட்டுவதென்றும் தீர்மானித்தோம். அது எமது நீரின் பொருட்டு மாத்திரமன்று, அயலார் நீரின் பொருட்டும் ஆகும்.

பிள்ளைகளோடு இவ்வழி செல்ல விரும்பும் குடும்பத்தினர்க்கு இரண்டொரு சொல். தை, மாசி மாதங்களிற் செல்லுங்கள். கிணறுகள் நிறைந்திருக்கும், வெயிலும் கடுமையன்று. நிலாவரையிற் பிள்ளையின் கையை ஒருபோதும் விடாதீர்கள். கேணியில் சவர்க்காரம் போடாதீர்கள். கீரிமலையில் மாற்றுடை அவசியம். உங்கள் குடும்பத்துப் பழைய கிணறு எங்கேனும் இருக்குமாயின், அதனை வெட்டியவர் யாவர், எத்தனை முழத்தில் நீர் கண்டனர் என்பதை அறிந்த முதியோரையும் தவறாது வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். தேசிக்காய் ஒன்றையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். வெயில் ஏறியபின் பிழிந்து குடிக்க உதவும்.